அம்மாவின் தண்டை வெள்ளி

சீமையில் சண்டை ஓய்ந்துவிட்டதென்று பதுளைக் கடைவீதியில் பேசிக்கொண்டார்களே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. அப்போது நான் பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கித் தையல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், கூலிக்காரர்களின் வரிசை வீடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குக் கோபமில்லை.

எங்கள் அப்பா பத்தர். மதுரைப் பக்கத்தில் நகை செய்துகொண்டிருந்தவர், பஞ்சகாலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறிவிட்டார். தோட்டத்தில் வந்து யாருக்கு நகை செய்வது? பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார். வேலை விட்டு வந்ததும் லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறை, அதைக் காம்பிரா என்போம், அதன் வாசலில் உட்கார்ந்து யாருடைய தோட்டையாவது பற்றவைத்துக் கொடுப்பார். அப்பா போனபிறகு அண்ணனும் அப்படியே. கவ்வாத்துக் கத்தியும் அவர் கையில்தான், நகை பற்றவைக்கும் ஊதுகுழலும் அவர் கையில்தான்.

அப்பா அம்மாவுக்கென்று செய்தது ஒரே ஒரு ஜோடி வெள்ளித் தண்டை. அதில் சுற்றிலும் ஒரு கொடி வெட்டியிருந்தார். இலையும் அரும்பும் மாறி மாறி வரும் கொடி. அப்பா செத்த அன்று அம்மா அதைக் கழற்றித் தகரப்பெட்டியில் போட்டவள்தான், பிறகு கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை.

என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது மிஸ்ஸியம்மா. வெள்ளைக்காரி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த இடத்தில் நான் என் ரவிக்கைக் கிழிசலைத் தைத்திருந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, துரையிடம் பேசி அழைத்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வழியனுப்பும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையால நீ கொழுந்துக் கூடையத் தொடக் கூடாது. தொட்டே, நான் செத்தாலும் ஒன்னய விட மாட்டேன்" என்றாள். வாழ்த்துகூட அம்மா வாயில் வசவு மாதிரிதான் வரும்.

பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் ரோஜாப்பூ போடச் சொன்னார்கள். போட்டேன். முயல்குட்டி போடச் சொன்னார்கள். அதையும் போட்டேன். எனக்கோ சலித்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து வெள்ளி மின்னுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வெள்ளை நூல் சப்பென்று இருந்தது. வெள்ளியையே நூல் மாதிரி மெல்லிசாக இழுத்துத் துணியில் தைத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றிவிட்டது. கடைச் சரிகை வேண்டாம், நானே இழுத்த கம்பி. சொன்னதும் கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதக் கடைசியில் கண்டியிலிருந்து பரீட்சை நடத்தும் அம்மா வருவார், அவர் பார்த்துச் சரியென்றால் பண்டாரவளையில் திறக்கப்போகும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தையல் டீச்சர் வேலை, ஆனால் முழு வேலையாக ஒரு துணியைக் காட்டவேண்டும் என்றார்.

லீவுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "வெள்ளிக்கு எங்க போறது, ஆகாசத்துலேர்ந்து கொட்டுமா?" என்றார். அடுப்படியிலிருந்த அம்மா எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து தண்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"அம்மா, இது அப்பா வெட்டினது."

"தெரியும். பெட்டிக்குள்ள கெடந்து என்ன குட்டியா போடப் போவுது? உருக்கு."

உருக்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். விளக்குக் கரியைத் தண்டையில் பூசி ஒரு காகிதத்தில் உருட்டினேன். அப்பா வெட்டிய கொடி அப்படியே காகிதத்தில் விழுந்தது. அதைத்தான் துணியில் போடுவதென்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

அண்ணன் வெள்ளியை மூசை என்கிற மண்கிண்ணத்தில் உருக்கிக் கம்பியாக அடித்துக் கொடுத்தார். அதைக் கம்பியச்சில் கொடுத்து இழுக்கவேண்டும். கம்பியச்சு என்பது பெரிசிலிருந்து சிறிசாக வரிசையாகத் துளைபோட்ட ஓர் இரும்புத் தகடு. ஒவ்வொரு துளையாக இழுக்க இழுக்கக் கம்பி மெலியும், விறைத்தும் போகும். விறைத்தால் நெருப்பில் காட்டி இளக்கி மறுபடி இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். தலைமயிர் மாதிரி வந்ததும் வெற்றி என்று குதித்தேன். துணியில் வைத்தபோதுதான் தெரிந்தது வண்டவாளம். நூல் துணிக்குள் போய் வரும், கம்பி போகாது. குத்தினால் துணியை அறுத்தது, வளைத்தால் துள்ளி எழுந்தது. அழுதுகொண்டே எத்தனை கம்பியை வீணாக்கினேனோ தெரியாது. கடைசியில் கம்பியைத் துணிக்கு மேலே கிடத்தி, கீழேயிருந்து பட்டுநூலால் ஒவ்வோர் இடமாகக் கட்டிப் பிடித்தேன். அது நின்றது. இலைக்குக் கம்பியைப் பட்டையாகத் தட்டிக்கொண்டேன். அரும்புக்குக் கம்பியை ஊசியில் சுற்றிச் சுருளாக்கி, துண்டு துண்டாக நறுக்கிப் பாசிமணி கோப்பதுபோல் கோத்துத் தைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வெயிலில் பிடித்தால் கண் கூசும்.

துணி நல்ல வெள்ளைப் பருத்தி, மிஸ்ஸியம்மா கொடுத்தது. கஞ்சி போகக்கூடாது, தையல் முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அதனால் அது கடைசிவரை நனையாத துணியாகவே இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் கொஞ்சம் மட்டும் மிச்சம் இருந்தபோது கம்பி தீர்ந்துவிட்டது. மிச்ச வெள்ளி அண்ணனிடம் இருந்தது. அம்மாவுக்கும் காட்டிவிட்டு வரலாம் என்று மிஸ்ஸியம்மாவிடம் கேட்டுக்கொண்டு, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினேன்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரே நிசப்தம். வாசலில் கோழிகூட இல்லை. விஷக் காய்ச்சல் வந்திருந்தது. கீழ் லயத்தில் ஏற்கனவே பிணம் விழுந்திருந்தது. நான் உள்ளே வந்த மறுநாளே துரை தோட்டத்து வழியை அடைத்துவிட்டார். உள்ளே யாரும் வரக்கூடாது, வெளியே யாரும் போகக்கூடாது. பதுளைக் கடைகளிலிருந்து வருகிற சாமான் வண்டிகூடக் கீழேயே நின்றுவிட்டது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. வழி திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அம்மா அதற்குள் படுத்துவிட்டாள். அடுப்பில் கைவைத்த மாதிரி உடம்பு கொதித்தது. ஆனால் நினைவு இருந்தது. நான் துணியை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாசல் வெளிச்சம் பட்டு வெள்ளி மின்னியது. அம்மா கையை நீட்டி, விரலால் கொடியைத் தடவிக்கொண்டே போனாள்.

"இது ஒங்கப்பன் வெட்டுன கொடியில்ல?"

"ஆமாம்மா."

"காலுல கெடந்ததக் கொண்டாந்து மடியில போட்டுட்டியேடி" என்று சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து, "வேலை கெடைச்சிருமில்ல?" என்றாள்.

"கெடைச்சிரும்."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா என்னிடம் பேசியதெல்லாம் காய்ச்சல் பேச்சு. அப்பாவைக் கூப்பிட்டாள், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரமாச்சு என்றாள், கூடை எங்கே என்று தேடினாள். ஒரு விடியற்காலையில் எல்லாம் நின்றுபோனது.

நான் கத்தியதில் பக்கத்துக் காம்பிராக்காரர்கள் வாசல்வரை வந்தார்கள். உள்ளே வரப் பயம். ஒரே ஓர் ஆள் மட்டும் உள்ளே வந்தாள். அவள் அம்மாவின் ஊர்க்காரி, அதே கப்பலில் வந்தவள், நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். அவளும் நானுமாக அம்மாவைக் குளிப்பாட்டினோம். மருந்துக்காரர் ஆளனுப்பி, நோயாளி புழங்கிய பாய், துணி எல்லாவற்றையும் அன்று காலையிலேயே கொளுத்தச் செய்துவிட்டார். எங்கள் ஆட்களுக்குப் புதைப்பதுதான் வழக்கம். இந்தக் காய்ச்சலில் போனவர்களை எரித்துவிடவேண்டும் என்று துரை உத்தரவு. அதற்கும் தலையாட்டினோம். வேறென்ன செய்வது?

அப்போதுதான் அத்தை கேட்டாள், "பொறந்த வீட்டுக் கோடிக்கு என்ன செய்ய?"

எங்களில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுத்துணி வந்து அவள்மேல் விழவேண்டும். அதுதான் கோடி. நனையாத துணியாக இருக்கவேண்டும். ஒருதரம் அலசிக் கட்டியது ஆகாது. கோடி விழாமல் போகிறவளை, யாருமில்லாத அநாதை என்பார்கள். அம்மாவின் பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம். "நானே பொறந்த வீடா நின்னு போடுறேன். ஆனா துணி வேணுமே தாயி" என்றாள் அத்தை. லயம் முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டிலும் புதுத்துணி இல்லை. கடை வண்டி வந்து எத்தனை நாளாகிறது! இருந்த ஒன்றிரண்டும் முன்னால் போனவர்களோடு போய்விட்டன.

என் கண் நான் துணியைச் சுருட்டி வைத்திருந்த தகரப்பெட்டி மேல் போனது. நான் பார்ப்பதை அண்ணன் பார்த்துவிட்டார்.

"அதத் தொடாத."

"அண்ணே, அது நனையாத துணி."

"ஊசி பட்ட துணி கோடியாகாது" என்றார்.

அப்படி ஒரு சாத்திரம் கிடையாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். என் துணியைக் காப்பாற்ற அந்த நிமிஷத்தில் அவர் உண்டாக்கிய சாத்திரம் அது. அத்தை எங்கள் இருவரையும் பார்க்காமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இதுக்காகத்தான அம்மா தண்டையக் குடுத்துச்சு? நீ டீச்சராகணும்னுதான?" என்று அண்ணன் உடைந்த குரலில் கேட்டார். ஆனால் வாசலில் நின்ற முகங்களெல்லாம் அம்மாவை வெறும் உடம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் உடம்பின்மேல் இருந்தது ஒரு பழைய கிழிசல். பெட்டியைத் திறந்து துணியை எடுத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி அத்தை கையில் கொடுத்துவிட்டேன்.

அத்தை விரிக்கும்போது வெள்ளிப் பக்கம் மேலே வந்தது. நான் அதைப் புரட்டி, வெள்ளி அம்மாவின் உடம்பில் படுகிறபடி போட்டேன். மேலே தெரிந்ததெல்லாம் பட்டுநூல் முடிச்சுகள்தான். "கெட்ட பக்கம் மேல இருக்கே தாயி" என்றாள் அத்தை. இருக்கட்டும் என்றேன்.

சாதாரண நாளென்றால் குழியில் இறக்குமுன் கோடியை எடுத்துவிடுவார்கள், குழி வெட்டுகிறவர்களுக்குப் போகும். அன்று அந்தத் துணியை எடுக்க யாருக்குத் தைரியம்? அம்மாவோடேயே போயிற்று. பெண்பிள்ளைகள் அங்கே போவதில்லை. லயத்து ஓரத்தில் நின்று பார்த்தேன். ஈரக் கவ்வாத்து விறகு, பிடிக்கமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. கறுப்பாகப் புகை வந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாள் அண்ணன் எலும்பு பொறுக்கப் போனார். வெகுநேரமாக ஆளைக் காணோம். பயந்துபோய் ஓடைப் பக்கம் இறங்கினேன். தண்ணீருக்குள் முழங்கால் நனையக் குந்தியிருந்தார். கையில் அகலமான மண்சட்டி. அதில் சாம்பலைப் போட்டுத் தண்ணீர் விட்டு, ஒருபக்கமாகச் சாய்த்து, சுழற்றிச் சுழற்றி அலசிக்கொண்டிருந்தார். பத்தர் வீட்டில் பட்டறைக் குப்பையையும் அடுப்புச் சாம்பலையும் அப்படித்தான் அலசுவார்கள். சிந்திய பொன்னும் வெள்ளியும் கனத்தால் அடியில் தங்கும், மற்றது தண்ணீரோடு போய்விடும். அலசாமல் சாம்பலைக் கொட்டுகிற வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "என்ன செய்யிறீங்க அண்ணே? அது அம்மா! பட்டறைக் குப்பையா?" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "கை நிக்க மாட்டேங்குது புள்ள. சாம்பலப் பாத்ததும் கை தன்னால அலசுது" என்றார். சட்டியின் அடியில் உருகி உருண்ட வெள்ளி கறுத்த கடுகுமாதிரிக் கிடந்தது. இலையுமில்லை, அரும்புமில்லை. நானும் தண்ணீருக்குள் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் அலசினோம். எலும்பையும் மிச்சச் சாம்பலையும் அந்த ஓடையிலேயே விட்டோம்.

காரியம் முடிந்த கையோடு அண்ணன் அந்தக் கடுகுகளை வெங்காரம் போட்டு உருக்கினார். வழி திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்திருந்தது. பரீட்சையம்மா வருவதற்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. "பெருசா வேணாம். ஒரு கைக்குட்டை அளவுக்குப் போட்டுக் காட்டு. ரெண்டு கொடி போதும். ஒன் கைக்கு அது போதும்" என்று என்னை உட்கார வைத்தார். கரி பூசி எடுத்த காகிதம் விடுதியில் பத்திரமாக இருந்தது. மிஸ்ஸியம்மாவிடம் துணி கேட்டால் கொடுப்பார். எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், வந்தது.

கம்பியச்சில் கொடுத்து இழுத்தேன். பெரிய துளையில் வந்தது. அடுத்ததில் பட்டென்று அறுந்தது. நெருப்பில் காட்டி இளக்கினேன். மறுபடி அறுந்தது. அண்ணன் வாங்கி இழுத்தார். அவர் கையிலும் அறுந்தது. முறிந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளே மணல்மணலாக, சாம்பல் நிறமாக இருந்தது.

"கசடு கலந்திருக்கு. அதான் இழுபட மாட்டேங்குது" என்றார். "ஒண்ணும் பயமில்ல. ஈயம் போட்டு நல்லா ஊதினா கசடெல்லாம் கழண்டு போயிரும். சுத்த வெள்ளி மட்டும் நிக்கும். தலைமயிரு மாதிரி இழுக்கலாம்."

"என்ன கசடு?" என்று கேட்டேன்.

"என்னா... சாம்பலு..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். ஊதுகுழல் கையில் இருந்தது, உதட்டுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அடுப்பில் கரி வெடித்துக்கொண்டிருந்தது.

"அது கசடு இல்ல அண்ணே" என்றேன். "வேணாம், ஊதாதீங்க."

அவர் ஊதவில்லை. அறுந்த துண்டுகளைச் சேர்த்து மறுபடி ஓர் உண்டையாக்கி, ஆறினதும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

வழி திறந்ததும் விடுதிக்குப் போனேன். பரீட்சையம்மா வந்தார், போனார். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னபோது மிஸ்ஸியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. வெள்ளை நூலிலாவது ஏதாவது போட்டுக் காட்டேன் என்று கெஞ்சினார். ஊசியை எடுத்தேன், கை வரவில்லை. வேலை ரோஜாப்பூப் போட்ட ஒரு பெண்ணுக்குப் போயிற்று. நல்ல பெண்தான், அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்துக்கே திரும்பிவந்தேன். அண்ணன் சம்பாத்தியத்தில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? ஒரு காலையில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். அம்மாவின் கூடை வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டு போயிருந்தேன். கூடையின் பட்டைக்கயிறு நெற்றியில் பட்டபோது அம்மா சொன்ன வசவு காதில் விழுந்தது. விழட்டும் என்று மலை ஏறினேன்.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. அண்ணனும் இல்லை. அந்த உண்டை மட்டும் தகரப்பெட்டியில் இருக்கிறது. கறுத்து, புளியங்கொட்டை மாதிரி கிடக்கிறது. என் பிள்ளைகள் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊதிச் சுத்தம் செய்து கம்மலாவது செய்யலாமே என்கிறார்கள். நான் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், கூடையைத் தொடக்கூடாது என்பது. அதைக் காப்பாற்ற, அன்று அண்ணன் ஊதுகுழலை வாயில் வைத்து ஒரு நாழிகை ஊதியிருந்தால் போதும். ஆனால் அந்த வெள்ளியிலிருந்து அம்மாவை ஊதிப் போக்கிவிட்டுத்தான் அம்மா சொல்லைக் காப்பாற்றியிருக்க முடியும் என்றால், அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.